வந்த காரணம்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
ராத்திரி கவுண்ட்டர் என்னுடையது, பதினோரு வருஷமாய்.
பதிவேட்டில் ஏழு கட்டம்.
கடைசிக் கட்டம்: வந்த காரணம்.
சூரத்திலிருந்து சேலை சாம்பிள் தூக்கி வருகிறவர்,
சாத்தூர்த் தீப்பெட்டி ஏஜென்ட்,
ஊர்ப்பேரை எழுதுமுன்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஜோடி,
எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்:
சாமி கும்பிட.

நானும் கேட்டதில்லை
எந்தச் சாமி, எத்தனை மணிக்கு என்று.

மூன்றாவது மாடியில் பார்.
சனிக்கிழமை மேசைகளை ஒதுக்கிவிட்டு
ஸ்பீக்கரில் பாட்டு; கார்த்திகா ஆடுவாள்.
கீழே ஒச்சப்பனின் கல்லில்
விடியும்வரை கறிதோசை வேகும்.
சிக்கந்தர் ஆட்டோவில் கால் நீட்டிப் படுத்தபடி
மேலே பாட்டு நிற்கிற நேரத்தை வைத்து
சவாரிக் கணக்குப் போடுவான்.
நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன்.
கார்த்திகாவின் தோளில் சிகரெட் சுட்ட வடு,
ஒன்று பழசு, ஒன்று புதுசு.
புதுசு விழுந்த ராத்திரி
பர்னால் வாங்கிக் கொடுத்தேன்.
சுட்டவனுக்கு ரூம் சாவியும் கொடுத்தேன்.

புது அதிகாரி வந்தார்.
குடும்பங்கள் வந்து போகும் ஊராக்குவோம் என்றார்.
பத்தரைக்கு மேல் எதுவும் எரியக் கூடாது,
இட்லிக்கடை அடுப்பு உட்பட.

ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை, ரெய்டு.
இன்ஸ்பெக்டர் பதிவேட்டின் மேல் ஸ்கேல் வைத்து
வரி வரியாய் இறங்கினார்.
இரண்டாம் மாடியில் பெல்ஜியத்துப் பெரியவரும்
அவர் சிநேகிதியும்.
அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார்கள்,
சொக்கனைப் பல்லக்கில் ஏற்றி
சாமரமும் நாயனமுமாய்
அம்மன் பள்ளியறையில் கொண்டுபோய் விட்டதைப் பார்த்துவிட்டு.
கல்யாண சர்டிபிகேட் இருக்கா என்றார் இன்ஸ்பெக்டர்.
அந்த அம்மாள் சிரித்தாள், ஜோக் என்று நினைத்து.
சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.
அங்கே வருஷா வருஷம் கல்யாணம்,
மொய் எழுதிய ஊரே சாட்சி.
இவர்களுக்கு மதுரையில் யார் இருக்கிறார்கள்,
என்னைத் தவிர.

மேலேயிருந்து கார்த்திகாவை இறக்கி வந்தார்கள்.
இவளைத் தெரியுமா?
தெரியாது என்றேன்.

மறுநாள் பேப்பரில்: அழகிகள் மூவர் மீட்பு.
முகம் மறைத்த துப்பட்டா, படிக்கட்டில் ஒற்றைச் செருப்பு.
எங்கிருந்து மீட்டார்கள் என்று போட்டிருந்தது.
எங்கே விட்டார்கள் என்று போடவில்லை.
பெல்ஜியத்துக்காரர்கள் விடியுமுன் காலி செய்துவிட்டார்கள்.
கொச்சிக்காம்.

குடும்பங்கள் வரவில்லை.
ராமேஸ்வரம் போகிற வடக்கத்தி பஸ்
நடுராத்திரி சோறு கிடைக்காத ஊருக்குள் எதற்கு என்று
ரிங் ரோட்டோடு போய்விடுகிறது.
ஒச்சப்பன் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்
திருப்பூர் போனான்.
சிக்கந்தர் பகலில் ஓட்டுகிறான்,
வெயில் கண்ணைக் கூசுது அண்ணே என்கிறான்.
குடிக்கிறவன் குடிக்காமலில்லை.
வைகைப் பாலத்துக்கடியில், இருட்டில்,
கண்ணாடிச் சில்லின் மேல் உட்கார்ந்து.
'தூங்கா நகரம் வரவேற்கிறது' என்று
முதலாளி மாட்டிய லைட் போர்டு
பத்தரைக்கு அணைகிறது.

ஆவணியில் ஒருநாள், மணி எட்டிருக்கும்,
கார்த்திகா வந்தாள்.
சனிக்கிழமை பாக்கி அறுநூறு என்றாள்.
கல்லாவில் நானூற்றைம்பது இருந்தது.
எண்ணி முடிச்சிட்டுக்கொண்டு
பதிவேட்டைக் கேட்டாள்.
ரூம் வேணுமா என்றேன்.
வேணாம். எழுதணும்.
ஒவ்வொரு தடவையும் நீங்கதானே எழுதுனீங்க.

பேனாவைக் குத்துக்கோலாய்ப் பிடித்து
நிதானமாக எழுதினாள்.
அங்கம்மாள்.
பேரையூர்.
வந்த காரணம்: கூலி பாக்கி.
கட்டத்துக்கு வெளியிலும் கொஞ்சம் போனது எழுத்து:
இன்னும் நூத்தம்பது வரணும்.

அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை.
பத்து இருபதுக்கு இன்ஸ்பெக்டர் வந்து
ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.
இது யாருய்யா?
நாங்க பாக்கி வச்சிருக்கிறவங்க சார்.

ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.
அடுத்த வரி இல்லை.