கீப்பர் வேண்டுமா

பயிற்சிக்குள் போனதும் முதலில் கேட்பது
கீப்பர் வேண்டுமா, வேண்டாமா என்று.

ஹஸ்பான் ஒரு தரம் தட்டினால்
கம்பங்களுக்கு நடுவில் ஆளில்லை.
திரும்பத் தட்டினால் வந்து நிற்கிறான் கீப்பர்,
கையுறையில் ஒரு கறை இல்லாமல்
பத்து விரலும் நேராக.
என் மோதிர விரல் இரண்டு வருடமாக நிமிர்வதில்லை.

நிந்தவூர், டயர் கடைக்கு மேல்மாடி.
மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
ஒரே இரவில் இருநூறு பெனல்டி அடித்தான்,
நான் பக்கத்துக் கதிரையில்
மரவள்ளிப் பொரியல் தின்றபடி.
திரையில் அவன் இருநூறு தரமும் விழுந்தான்,
எழும்பினான்,
புல்லைத் தட்டிவிடாமல், துப்பாமல்,
முன்னால் நிற்கிறவனின் உம்மாவை
வாயில் இழுக்காமல்.

"என்ன ரியலா இரிக்கி பாத்தியா மச்சான்,
வேர்வ கூட ஓடுது."
ஓடத்தான் செய்தது, நெற்றியிலிருந்து தாடைக்கு,
கண்ணுக்குள் ஒரு சொட்டும் போகாமல்.

மழை வேண்டுமென்றால் மழை. பனி வேண்டுமென்றால் பனி.
கச்சானைத் தேடினேன், பட்டியலில் இல்லை.
ஜூலை பின்னேரம் வயல் தாண்டி ஊர் தாண்டி வந்து
கோர்ணர் பந்தை அப்படியே தூக்கிக்
கடலுக்குக் கொடுக்கிற காற்று.
தோணிக்காரரைக் கூப்பிட்டுப் பந்தெடுத்த நேரத்தை
எந்த ரெஃபரி கூட்டித் தருவார்?
திரையில் ரெஃபரி எவனுக்கும் மச்சினன் இல்லை.
அதற்கு மட்டும் எனக்குப் பொறாமை.

கீப்பருக்கென்று பயிற்சி ஏதும் இருக்கிறதா, கேட்டேன்.
தேடித் தேடி அடியில் ஒன்று எடுத்தான்:
பந்து வரும் பக்கம் ஒரு வட்டம் ஒளிரும்,
அந்தப் பக்கம் சாய்ந்தால் போதும்.
சிரித்ததில் பொரியல் புரைக்கேறியது.

அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை.
கொன்ட்ரோலரில் அவன் இடது பெருவிரலைப் பார்த்தேன்.
வலது மூலைக்கு அடிக்குமுன் அது
ஒரு தரம் உள்ளே மடங்கும்,
ஊசிக்குப் பயந்த பிள்ளை போல.
இடது மூலைக்கு மடங்காது.
யாருக்கும் சொல்லவில்லை நான்.

வெள்ளிக்கிழமை, கடற்கரை.
அவன் தெற்குத் தெரு, நான் பள்ளித் தெரு.
ஒன்றுக்கு ஒன்று. மஃரிபுக்குப் பதினொரு நிமிடம்.
பெனல்டி.
எங்கள் ஆளின் கையில் பட்டது;
பட்டதுதான், நான் கண்டேன்,
இல்லையென்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

பந்தை வைத்தான்.
பிரிந்த தையல் மேலே வராமல்
திருப்பி வைத்தான்.
இடுப்பில் கை.
பெருவிரல் மடங்கியது.

என்ன வட்டம் அது!
முழுக் கடற்கரையும் எனக்கு மட்டும் ஒளிர்ந்தது.
பாய்ந்தேன். முழங்கை மணலை உழ உழ
பந்து என் கைக்குத்தான் வந்தது, அல்லாஹ்வே,
கைக்கேதான் வந்தது,
ஒரு முழம் இருக்க
நண்டு வளையில் இடறித்
துள்ளி
என் தோளுக்கு மேலால்
மெல்ல, வெட்கப்பட்டது போல
உள்ளே போனது.

முதலில் யாரும் கத்தவில்லை.
ஹஸ்பானும்தான்.
அவன் நடந்து வந்தான். இருவரும் குனிந்து
வளைக்குள் பார்த்தோம்.
நண்டு வீட்டில் இல்லை.

இப்போது அது தன் அடி என்கிறான்.
இருநூறு தரம் பழகிய அடியாம்.
இன்றிரவும் மாடியில்தான் இருக்கிறோம்,
காசு அவனுடையது.
கீப்பரை நீக்கிவிட்டு
வெறும் வலைக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.
அந்தப் புல்லில் எங்கேயாவது ஒரு ஓட்டை போடுடா,
பிறகு ரியல் என்று சொல்லு, என்றேன்.
காதில் வாங்கவில்லை.

என் பல்லிடுக்கில் இன்னும் மணல்.
பெருவிரலைப் பற்றி வாய் திறக்கவில்லை.
அடுத்த வெள்ளி இருக்கிறது.
நண்டுக்கும் இருக்கிறது.