மொத்தத் தலைகள்

கோட்டைக்குள் கச்சேரி, மேல்மாடி, புள்ளிவிபரக் கிளை.
வாவிப் பக்க ஜன்னலுக்குக் கொக்கியில்லை, கயிறுதான்.
பழைய நிவாரணப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
இன்னொரு கணக்கும் வைத்திருந்தேன்,
இரண்டாயிரத்து மூன்று ஜனவரி பதினாறிலிருந்து,
றேடியோ சொல்லச் சொல்ல:

ஆட்கள் ஏழு. ஆண் ஐந்து, பெண் இரண்டு.
உயரம் ஏறத்தாழ இருநூற்றெண்பது கிலோமீற்றர்.
ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம்.
உடம்பில் ஒட்டிய ஓடுகள் இருபத்துநாலாயிரம்.
பரிசோதனைகள் எண்பது.
ஒரு குழு உறங்கும்போது மற்றக் குழு விழித்திருக்கும்.

ஒரு நாளில் பதினாறு விடியல் என்றதும்
பக்கத்து மேசை ஆதம்லெவ்வை கல்குலேட்டரைத் தட்டினார்.
"பதினாறு தர அஞ்சு. எண்பது வக்து, மிஸ்.
உளூச் செய்யத் தண்ணிக்கு எங்க போற?"
தண்ணீர் அங்கே உருண்டையாய் மிதக்கும் என்றேன்.
"அப்ப துரத்திப் பிடிச்சுத்தான் செய்யணும்" என்று
ஏறாவூர் பஸ்ஸுக்கு எழும்பிப் போனார்.

முப்பத்தோராம் திகதி, வெள்ளி,
வாகரையிலிருந்து வெள்ளம்மை வந்தா.
பஸ் மாறி, சைக்கிளில் ஏறி, மறுபடி பஸ்ஸில், அஞ்சு மணித்தியாலம்.
அந்தத் தூரம் அவர்களுக்கு எட்டுச் செக்கன்.
கிராம அலுவலர் கடிதத்தில் ஆறு தலை.
"ஏழு, மகள். ஏழெண்டு எழுதுங்க."
ஏழாவது ஆள் எங்கே என்றேன்.
"வருவான். மறுகா வந்து பேர் வெட்டிப் போச்சுதெண்டா
ஆர் பதில் சொல்லுற?"
அரிசி ஆறு பேருக்குத்தான்.
ஆறு என்று எழுதினேன். மை காயுமட்டும்
அவ என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

சனிக்கிழமை.
நம் நேரம் எட்டேகாலுக்குத் தரை தொட வேண்டும்.
ஒன்பது மணிச் செய்திக்குப் பேனையைத் திறந்து
இறங்கிய நேரம் எழுதக் கட்டம் கீறி வைத்திருந்தேன்.
எட்டு மணிக்குச் சற்று முன்பே பேச்சு நின்றுவிட்டதாம்.
தரைக்கு இன்னும் பதினாறு நிமிடம் இருந்ததாம்.
நிப்பு காய்ந்துபோனது.

அதற்குப் பிறகும் எண்கள் வந்தன. எண்கள் வராமல் விடாது.
புறப்பட்டு எண்பத்தொரு செக்கனும் சொச்சமும் போக
தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு ஒன்று
இடது சிறகில் பட்டதாம். பாரம் ஒரு கிலோ வராது.
வயலில், காட்டில், ஆட்களின் முற்றத்தில்
எண்பத்துநாலாயிரம் துண்டு பொறுக்கினார்களாம்.
எல்லாம் சேர்த்து நிறுத்தால்
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
இவ்வளவு ஆட்கள், இவ்வளவு நாள், கைகோத்து வரிசையாய் நடந்து தேடி
முப்பத்தெட்டு.
எங்கள் மாவட்டத்தில் நாங்கள் நடந்து தேடியதில்லை.
படிவம் அனுப்பினோம்.

ஏப்ரல் கடைசியில் ஆதம்லெவ்வை
பேப்பரை மடித்தபடி என் மேசைக்கு வந்தார்.
"மிஸ், புழு உசிரோட இருக்காம்."
விழுந்த டப்பா ஒன்றைத் திறந்தார்களாம்,
பரிசோதனைக்குக் கொண்டுபோன புழுக்கள், நீளம் ஒரு மில்லிமீற்றர்,
நெளிந்துகொண்டிருந்தனவாம்.
போன புழுக்களாய் இராது, அவற்றின் பிள்ளைகளாய்,
பிள்ளைகளின் பிள்ளைகளாய் இருக்கலாம்.
எந்தக் கட்டத்தில் போடுவது?
திரும்பியோர் என்று எழுத மனம் வரவில்லை.

பழைய பக்கங்களைப் புரட்டி வாகரையை எடுத்தேன்.
ஆறை வெட்டினேன். மேலே ஏழு. பக்கத்தில் சின்னக் கையொப்பம்.
அரிசி நிரலில் கை வைக்கவில்லை.

இப்போது கணக்காய்வு வினா வந்திருக்கிறது, மூன்று பிரதி:
பக்கம் நூற்றுப்பன்னிரண்டு, வரி ஒன்பது,
தலைத்தொகை திருத்தப்பட்டதன் அடிப்படை யாது?
பதினான்கு நாளுக்குள் பதில்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
"புழு எண்டு எழுதுங்க" என்கிறார் ஆதம்லெவ்வை,
சிரிக்காமல்.
கயிறு அவிழ்ந்து ஜன்னல் அடிக்கிறது.
கட்டிவிட்டு வந்து எழுத வேண்டும்.