சில்லறை

படிவத்தில் குதிரையின் பெயருக்கு ஒரு கட்டம்.
இனம், வயது, குணம் என்று இன்னும் மூன்று.
என் பெயருக்கு விட்டிருந்த இடம்
எப்போதும் போல் போதவில்லை.
யோகாம்பிகையின் கடைசி எழுத்து
கோட்டுக்கு வெளியே போய் நின்றது.
குதிரைக்குச் சில்லறை என்று எழுதினேன்.
கண் இரண்டும் செல்லாத பத்து ஃபெனிக் காசுகள்.
கழுத்து, மகனின் கோல்கீப்பர் காலுறை, இடது கால்.
உள்ளே தலையணைப் பஞ்சு.
குணம்: மழையில் மோசம்.

ஹாகன் நகரம், வியாழன் மாலை ஏழரை.
ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்,
ரப்பர் வாசம், யாரோ மறந்துபோன ஒற்றைச் சப்பாத்து.
பதினொரு பேர்.
ஒரு பேருந்து ஓட்டுநர்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பல் வைத்தியரிடம் தொலைபேசி எடுக்கிறவள், நான்.
மற்றதெல்லாம் பதினாலு வயதுப் பெண்கள்,
முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்.
எல்லோருக்கும் ஆளுக்கொரு கோல், கோலில் ஒரு தலை.

பார்க்கச் சிரிப்பு வரும். வரட்டும்.
பத்து நிமிடத்தில் மூச்சு வேறு கணக்குச் சொல்லும்.
இடுப்புக்குக் கீழே குதிரை,
இடுப்புக்கு மேலே ஆள்.
"ஓடுவது அது, நீ உட்கார்ந்திரு!"
ஃபிரௌக்கே கூடம் அதிரக் கத்துவாள்.
பார்சல் கிடங்கில் பதினெட்டு வருடம்
மேலும் கீழும் ஒரே கழுதையாக இருந்தவளுக்கு
இது விளங்க ஆறு வாரம் பிடித்தது.

கோயிலில் தேர் முடிந்து
அன்னதான வரிசையில் ஒருத்தி பரிவோடு கேட்டாள்:
"தங்கச்சி, வீட்டில ஏதும் பிரச்சினையோ?"
இல்லை என்று பாயாசத்தை வாங்கிக்கொண்டேன்.
அவளுக்குப் பின்னால் நின்றவளின் கண்
என் கைப்பைக்குள் குதிரையைத் தேடியது.

பனங்கருக்கில் குதிரை செய்து
நடுத்தெருவில் ஏறி வந்தவர்கள் நம்மவர்கள்தான்.
கழுத்தில் எருக்கம்பூ, எலும்பு,
கையில் அவளை எழுதிய படம்.
காதல் முற்றிய ஆணுக்கு அப்படியொரு வழி இருந்தது.
பெண் ஏறக்கூடாது என்று இலக்கணம் செய்தார்கள்,
அவளுக்கு நாண் உண்டாம்.
நாண் என்றால் வெட்கம்.
நாண் என்றால் கயிறும்தான்.
என் கடிவாளம் பழைய திரைச்சீலைக் கயிறு.
இரண்டையும் ஒரே பிடியில் வைத்திருக்கிறேன்,
சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே,
ஃபிரௌக்கே காட்டித் தந்தபடி.

யாருடைய படத்தை ஏந்தி நான் ஏறுவது?
ஒருநாள் கடைசிச் சுற்றில் யோசித்தேன்.
என் முழங்காலின் எக்ஸ்ரே வீட்டில் கிடக்கிறது,
வேண்டுமானால் அதை.

கேதாரநாதன் வெளியே காரில் இருப்பார்,
வானொலி, அரைத்தூக்கம், சூடேற்றி.
மாசியில் ஒரு வியாழன் பேட்டரி செத்துப்போக
குளிர் தாங்காமல் உள்ளே வந்தார்.
யாரையும் சும்மா நிற்க விடுகிறவளல்ல ஃபிரௌக்கே.
தடைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்:
கம்பு விழுந்தால் எடுத்து வை.

கணக்கு ஆசிரியை தாண்டினாள், கம்பு ஆடி அடங்கியது.
பேருந்து ஓட்டுநர் தட்டி விழுத்திவிட்டு
தன் குதிரையின் காதில் மன்னிப்புக் கேட்டான்.
என் முறை.
குனிந்து சப்பாத்துக் கட்டுகிற சாக்கில் பார்த்தேன்:
கம்பை எடுத்து வைக்கிறவர்
யாரும் காணாமல் ஒரு துளை கீழே இறக்கினார்.
இருபத்திரண்டு வருடமாக
அவர் அன்பு எனக்கு வந்த வழி இதுதான்,
ஒரு துளை கீழே.

ஓடினேன். சில்லறை தலையைச் சிலுப்பியது.
கம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டோம்.
மறுப்பு, என்று ஃபிரௌக்கே தாளில் குறித்தாள்.

"என்னப்பா, பயமோ?"

"இருந்த இடத்தில வையுங்கோ அதை."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்,
பிறகு குதிரையை.
கம்பு துளையில் ஏறுகிற சத்தம் கேட்டது.
நானும் சில்லறையும் சுவர் வரை திரும்பிப் போனோம்.
ஓடிவர இடம் வேண்டும்.