இடக்கைக்காரி

மாதம் ஒருமுறை
தவுக்கே லிம்மின் கூடாரத்திலிருந்து
மாட்டுவண்டியில் வந்திறங்கும் அந்தத் துணி.
பதினெட்டு முழம். நான்கு மூலைக்கும் பித்தளை வளையம்.
ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர்.
அதில்தான் வெளுத்தோம்
பினாங்கின் வெள்ளையை எல்லாம்.

எத்தனையோ கொலை நடந்த துணி.
ரயில் கவிழ்ந்தது, அணை உடைந்தது,
பக் டாலன் குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்தது
எல்லாம் அதன்மேல்தான்.
உவர்மண் போட்டுக் கும்மினாலும்
ஒரு சொட்டு ரத்தம் இறங்காது.
இறங்குவதெல்லாம் விட்டில் சிறகு,
சுருட்டுப் புகையின் பழுப்பு,
வில்லன் மூஞ்சியைக் குறிபார்த்து
யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு.
அந்தக் கறைக்கு மட்டும்
எலுமிச்சை வேண்டும், வெயிலும்.

கூலி பாதி காசு, பாதி படம்.
திரைக்குப் பின்னால், தரையில்,
ஐந்து காசு ஆட்கள் நடுவே.
ஆட்டம் தொடங்குமுன் ஏணியில் ஏறி
துணியை நனைப்பவனும் நானே, வாளி வாளியாய்.
ஈரத்தில்தான்
வெளிச்சம் எங்கள் பக்கம் கசியும்.
கலிபோர்னியாப் பாலைவனம்
எங்கள் தலையில் சொட்டும்.

அங்கேதான் பார்த்தேன் கோரா வெய்லை.
வலது கன்னத்தில் மச்சம்.
இடக்கையால் எழுதுவாள்,
இடக்கையால் சுடுவாள்,
இடக்கையால் அறைவாள் கணவனை.
லாயத்து இடும்பன் வைத்த பெயர் இடக்கைக்காரி.
கச்சாங் பூத்தே விற்கும் மாயழகு சொன்னான்,
ரிக்‌ஷா இழுக்கும் ஆ சூனும் சொன்னான்,
அவனவன் நாக்கு வளைந்த மட்டும்.

நடுநடுவே எழுத்து அட்டை வரும்.
முன்பக்கம் உரக்கப் படிப்பார்கள், சிரிப்பார்கள்.
எங்களுக்கு அது
புறம் திரும்பிப் படுத்த எறும்பு வரிசை.

ஒருநாள் அவளுக்குக் கடிதம் வந்தது.
பிரித்தாள். உட்கார்ந்தாள்.
முகம் வளர்ந்து வளர்ந்து
பித்தளை வளையங்களைத் தொட்டது.
என்ன சேதி?
தாய் செத்திருப்பாள் என்றான் இடும்பன்.
வட்டிக்காரன் என்றான் மாயழகு.
ஆ சூன் வாய் திறக்கவில்லை.
சீனாவிலிருந்து அவனுக்கும் ஒன்று வந்திருந்தது,
வாசித்துக் காட்ட ஆளில்லாமல்
இடுப்பில் வேர்த்துக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை
சுமத்ராவிலிருந்து வந்த காற்று
திரையை நட்டநடுவில் கிழித்தது.
ஏழு மணிக்கு ஆட்டம்.
என் மூட்டையில் நீதிபதி துரையின் படுக்கை விரிப்பு,
திங்கள் கொடுக்க வேண்டியது.
ஒரு முழம் வெட்டினேன்.
தையல்முத்து நூலைப் பல்லால் கடித்துக் கடித்து
என்னைத் திட்டியபடியே ஒட்டுப் போட்டாள்.

அன்றிரவு துரை முன்வரிசையில், பிரம்பு நாற்காலியில்.
கோரா வெய்லின் வாய்
சரியாக அவர் விரிப்பின்மேல் மலர்ந்தது.
எழுந்து நின்று கை தட்டினாராம்.
திங்கட்கிழமை
குறைந்த ஒரு முழத்துக்கு
என்னிடம் இரண்டு வெள்ளி பிடித்தார்.

அப்புறம் படங்கள் பேச ஆரம்பித்தன.
தவுக்கே கூடாரத்தைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்.
புதுத் திரைக்குக் கெட்டித் தோல்,
அம்மை வடுபோல் உடம்பெல்லாம் துளை.
நனைக்க வேண்டாம், வெளுக்க வேண்டாம்.
பின்னால் ஒலிபெருக்கியும் பெருச்சாளியும் மட்டும்.

பதினைந்து காசு கொடுத்து
முதன்முதலாய் முன்பக்கம் உட்கார்ந்தோம்
நானும் ஆ சூனும்.
தலையில் எதுவும் சொட்டவில்லை.
அவள் வந்தாள்.
மச்சம் இடது கன்னத்தில்.
வலக்கையால் கதவைத் திறந்தாள்,
வலக்கையால் தேநீர் ஊற்றினாள்,
எல்லோரையும்போல.
குரல் இருந்தது. நிறையப் பேசினாள்.

ஆ சூன் என் காதருகே குனிந்து
மலாயில் கேட்டான்:
இவள் தங்கச்சியா?

இருக்கும் என்றேன்.