துவாஸ், அதிகாலை நாலரை

வீட்டுவண்டி வாடகைக்கு எடுத்தது.
பின்னால் இழுபடும் படகு மட்டும்
எனக்கும் ரொஸ்லானுக்கும் பாதிப் பாதி.

பெட்ரோல் நிலைய வெளிச்சத்தில் குனிகிறேன்.
கொக்கி விழுந்த சத்தம் கேட்டதுதான்,
இருந்தாலும் ஓர் உதை.
சங்கிலி இரண்டும் குறுக்கே போட்டாயிற்று.
இடப்பக்கச் சிவப்பு விளக்கு
ரொஸ்லான் ஒயரை அசைத்தால் எரிகிறது,
கையெடுத்தால் அணைகிறது.
"போதும்லா" என்கிறான்.

போன மாதம் இதே சாலையில்
ஐஸ் பெட்டி மொத்தமும் படகின் பின்கோடியில்.
மூக்கில் கனமில்லை.
கண்டெய்னர் லாரி ஒன்று உரசிப்போன காற்றில்
வாலாட்டத் தொடங்கியது.
கண்ணாடிக்குள் படகு வந்தது, போனது, வந்தது.
பிரேக்குக்கு ஓடிய காலை
எப்படித் தடுத்தேனோ தெரியாது.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.
எண்ணெய் மிதியை மட்டும் விட்டேன்.
எழுபது. ஐம்பது. முப்பத்தைந்து.
தானாக அடங்கி
என் பின்னால் வந்து நின்றுகொண்டது,
ஒன்றுமே நடக்காததுபோல.
பாலம் தாண்டும்வரை ரொஸ்லான் பேசவில்லை.
அவன் கையில் கச்சாங் பொட்டலம்
பிரிக்காமலே கசங்கியிருந்தது.

ஐஸ் பெட்டியை முன்னுக்கு இழுத்துக் கட்டுகிறேன்.
ஒயர் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.
திறக்கட்டும்.

முறைத்துவிட்டுப் போகிறான் ரொஸ்லான்.
திரும்பும்போது கையில்
இரண்டு கோப்பி-ஓ கோசோங்.