பயன்பாட்டுச் சான்று

முதல் தவணை நாற்பதாயிரம்
பள்ளிக் கணக்கில் ஏறியது ஆனிக் கடைசியில்.
இரண்டாம் தவணை வர
இந்தத் தாள் போக வேண்டும்.
மூன்றாவது முறையாக நிரப்புகிறேன்.

பள்ளியில் தங்கிப் பணியாற்றிய கலைஞர்:
ம. ஆவுடைநாயகம், ஓவியர்.
தங்கிய இடம்: சத்துணவு அரிசி மூடைகளோடு.
ஓவியம்தான் தொழில் என்பதற்குச் சான்று?
பாளையங்கோட்டையில் அவர் வரைந்த
நகைக்கடைச் சுவரைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறேன்.
"அதுல எம் பேரு இல்லயே டீச்சர்" என்றார்.
மேலே, இணைப்பு ஒன்று, என எழுதிவிட்டேன்.

செலவு விவரம்.
ஈர்க்கு வாரியல் நாற்பத்து மூன்று.
கலைக்கு எதுக்கு வாரியல், என்றார் தணிக்கைக்காரர்.
வரையத்தான் சார்.
பேனாவை மூடிவைத்து என்னைப் பார்த்தார்.
சுண்ணாம்பு மூன்று மூடை, திசையன்விளை ரசீது உண்டு.
ஏணி ஒன்று, இருப்புப் பதிவேடு பக்கம் அறுபத்தொன்று.
வர்ணம்: இல்லை.
வர்ணம் குட்டத்துத் தேரி முழுக்கக் கிடக்கிறது.
நடந்தால் சேலை விளிம்பில் ஏறி
வீடு வரை வந்துவிடும்.
அதற்கு யார் ரசீது தருவார்?

பணி விவரம், நூறு சொற்களுக்கு மிகாமல்.
ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்
ஆளுக்கொரு வாரியலை இழுத்துக்கொண்டு
வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியைச்
செம்மணலில் நடந்தே போட்டார்கள்.
நடுவில் சுண்ணாம்பு வட்டம், அதுதான் பள்ளிக்கூடம்.
ஏணி உச்சியிலிருந்து அவர் கத்துவார்:
"ஏல ஜெரின், ஒங்க வீடு கடலுக்குள்ளயா இருக்கு?"

சந்தனமாரியின் கோடு
வட்டத்துக்கு நேரே வரவில்லை.
கிழக்கே போனது. பீடிக்கடை வாசல்.
அங்கே வாரியலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.
வெயில் ஏறியது. மற்றவர்கள் எல்லாரும்
வட்டத்துக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.
"ஏன்ட்டி நிக்க?"
"அம்ம சுத்துனத இன்னும் எண்ணி முடிக்கல சார்."
எண்ணி, கழித்து, இலையும் தூளும் வாங்கி
அதை வீட்டில் கொண்டு வைத்து
அப்புறம்தான் வந்தது கோடு.

மூன்று வருஷமாக
அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'தாமதம்'.
கையெழுத்து என்னுடையது.

கற்றல் விளைவு என்று ஒரு கட்டம்.
மாணவர் கற்றதைத்தான் கேட்கிறது.
வேறு யாருக்கும் கட்டமில்லை.
அவள் இன்றும் பத்து மணிக்குத்தான் வந்தாள்.

உருவான சொத்து.
வரைந்தது ஆடி பதினொன்று.
காற்று பதினான்கு வரை பொறுத்தது.
தணிக்கைக்காரர் வந்தது ஆவணியில்.
கூட்டிப்போனேன். மேடே நகர்ந்திருந்தது,
கொல்லாமரம் ஒன்று இடுப்பளவு புதைந்து நின்றது.
"எங்க டீச்சர்?"
"இங்கதான் சார்."
செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார்,
மறுபடி தட்டினார்.
"போட்டோவாவது எடுத்தீங்களா?"
ஒன்று இருக்கிறது. ஏணி மேலிருந்து எடுத்தது.
பாதிப் படம் ஆவுடைநாயகத்தின் கட்டைவிரல்.

சொத்து 'இல்லை' என்று எழுதி
அடித்து
மறுபடி அதையே எழுதியிருக்கிறேன்.

நேற்று அவர் வந்தார்.
வள்ளியூரில் கல்யாண மண்டபச் சுவராம், உயரமாம்.
தவணை என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஏணியைத்தான் கேட்டார்.
பக்கம் அறுபத்தொன்றைத் திறந்து
'பழுது பார்க்கச் சென்றுள்ளது' என்று எழுதி
முத்திரை வைத்தேன்.
மறுமுனையை வாசல் வரை
நானும் பிடித்துக்கொண்டு போனேன்.