உத்தரவாத அட்டை

கேக் மாவு அடிக்கிற மிக்ஸர். ஆரஞ்சு நிறம்.
போட்டால் ஐந்தாவது மாடி முழுக்கக் கேட்கும்,
டிராக்டர் ஒன்று வெண்ணெயில் மாட்டிக்கொண்டது போல.
எக்கார்டுக்கும் எனக்கும் கல்யாணமான வாரம்
ஹாலே நகரத்துக் கடையில்
இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது.

அட்டை இன்னும் கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.
பழுதானால் இந்த முகவரிக்கு அனுப்பவும்.
அந்தத் தெருவுக்கு இப்போது வேறு பெயர்.
தொழிற்சாலை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.
முத்திரை குத்திக் கொடுத்த நாடு
ஓர் அக்டோபர் நள்ளிரவில் வாணவேடிக்கையோடு முடிந்தது.
எக்கார்டு அதற்கும் முன்னால், மார்ச்சில்,
சத்தமில்லாமல் போனான்.
ரேடியோவை எடுத்துக்கொண்டான். இதைக் கேட்கவில்லை.

"குத்துக்கல் மாதிரி இருக்கிறதே, ரோஸ்வித்தா!"
வருகிற எல்லோரும் அதன் முதுகைத் தட்டுகிறார்கள்,
குதிரையைத் தட்டுவது போல.
அவர்களுக்கென்ன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
ட்ராம் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில்
பிஸ்தாப் பச்சையில் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
பூனை நடப்பது போல ஓடுமாம்.
நான்கு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே
ட்ராமைத் தவறவிடுகிறேன்.
ஓடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்க
எனக்கு மனசு வராது.
அதனால் இது சாகட்டும் என்று காத்திருந்தேன்.
கெட்டியான ரை மாவைக் கொடுத்தேன்,
இடைவெளி விடாமல் இருபது நிமிடம்.
சூடேறியது, கொஞ்சம் முனகியது,
பிசைந்து முடித்துவிட்டது.

பிப்ரவரியில் ஓர் இரவு.
தலைவலி. வீட்டில் யாருமில்லை.
கை தவறிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளத் தோதாக
மேசை விளிம்பில் வைத்து,
விட்டேன.

தரை ஓடு இரண்டாகப் பிளந்தது.
குனிந்து எடுத்து, பிளக்கைச் செருகி,
பொத்தானைத் தள்ளினேன்.
டிராக்டர்.
கீழ்வீட்டு ஹாட்விகர் துடைப்பக் கட்டையால்
கூரையில் மூன்று முறை இடித்தார்.

மறுநாள் அந்தக் கடைக்குத்தான் போனேன்.
ஓடு ஒட்டுகிற பசை, சின்னக் குழாய்,
மூன்று யூரோ தொண்ணூறு.
கல்லாவில் இருந்த பையன்
இரண்டு வருட உத்தரவாதம் உண்டு, ரசீது பத்திரம் என்றான்.
பசைக்கா, எனக்கா என்று கேட்டேன்.
அவனுக்குப் புரியவில்லை.
பிஸ்தாப் பச்சை பக்கம் திரும்பாமல் வந்தேன்;
அல்லது ஒரே ஒரு தடவை திரும்பினேன்.

ரசீதையும் கரண்டிகளுக்கு அடியில்தான் போட்டிருக்கிறேன்.
பசை காயும்வரை அந்த இடத்தை மிதிக்கக் கூடாதாம்.
அடுப்புக்குப் போக இப்போது
இரண்டடி சுற்றித்தான் போகிறேன்.